ஆறப் பொறுக்காதவனின் பேல் ஏல்

"என்னடா, இதுல தேன் ஏதும் ஊத்தினியா?"

கண்ணாடித் தம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு நண்பன் கேட்டான். பாராட்டாகத்தான் கேட்டான். எனக்குத்தான் முகம் செத்துவிட்டது. அதில் நான் போட்டது முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர், கடைசியில் கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான். இருபது லிட்டர் பீருக்கு 185 கிராம் ஹாப்ஸ். அந்தத் தம்ளரிலிருந்து பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியது போலவும் பைன் மரப் பிசினை உரசியது போலவும் மணம் வந்திருக்க வேண்டும். பாட்டிலில் அடைத்த அன்று அப்படித்தான் வந்தது. மூன்றே வாரத்தில் அது எங்கேயோ போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரு மந்தமான தேன் வாசனை, அதற்கு அடியில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. நிறமும் மாறியிருந்தது. துலக்கிய செம்பு போல இருந்தது, அடுப்பிலேயே மறந்துவிட்ட டிகாஷன் போல ஆகியிருந்தது.

அது நான் வீட்டில் காய்ச்சிய மூன்றாவது ஈடு; பேல் ஏல் என்ற வகை பீர். முதல் இரண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் ஈட்டில் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தினேன். அதிலிருந்த குளோரின் போய் பீரில் உள்ள பீனால்களோடு சேர்ந்ததில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஊறவைத்துக் குடிப்பது போல இருந்தது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஒரு சிட்டிகை போட்டிருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காது. இரண்டாவதில் நொதிக்கும்போது வெப்பம் 27 டிகிரியைத் தாண்டிவிட்டது; நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வந்தது. இரண்டையும் கொட்டினேன். இரண்டுக்கும் காரணம் உடனே பிடிபட்டது. மூன்றாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அன்று அருமையாக இருந்தது, இன்று இல்லை. எந்தக் கட்டத்தில் தவறினேன் என்று கண்டுபிடிக்கவே இன்னொரு ஈடு தேவைப்பட்டது.

அமெரிக்க பாணி பேல் ஏலில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதை இதற்குள் புரிந்துகொண்டிருந்தேன். கறுப்பு ஸ்டௌட் காய்ச்சினால் வறுத்த பார்லியின் காபி வாசனை பாதித் தவறுகளை மூடிவிடும். கோதுமை பீரில் ஈஸ்டின் கிராம்பு வாசனை ஒரு பக்கம் தாங்கும். பேல் ஏல் அப்படியில்லை. வெளிர் மால்ட், நாகரிகமாக ஒதுங்கி நிற்கும் ஈஸ்ட், அதன்மேல் ஹாப்ஸின் மணம். மணம் போனால் கடை காலி.

இந்த மணத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது. பேல் ஏல் இங்கிலாந்தில் பிறந்தது. அமெரிக்கர்கள் அதில் மாற்றியது பெரும்பாலும் ஒன்றைத்தான்: ஹாப்ஸை. அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர்கள் ஓரிகானில் 1956இல் ஒரு கலப்பினத்தை உருவாக்கினார்கள். இங்கிலாந்தின் ஃபகிள், ரஷ்யாவின் செரெப்ரியங்கா இரண்டின் ரத்தமும் அதில் உண்டு. நோயைத் தாங்குமா, ஐரோப்பாவிலிருந்து வரும் ஹாப்ஸுக்குப் பதிலாகப் பெரிய ஆலைகளுக்கு உதவுமா என்பதே கவலை. மணத்துக்காக யாரும் ஏங்கவில்லை. அது 1972இல் காஸ்கேட் என்ற பெயரோடு வெளியே வந்தது. அதன் பம்பளிமாஸ் வாசனை ஐரோப்பிய மணத்துக்குப் பழகிய மூக்குகளுக்கு முரட்டுத்தனமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கர் ஆலை 1975இல் காஸ்கேட் போட்டு லிபர்ட்டி ஏலைக் காய்ச்சியது. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கும் தறுவாயில், பிரிட்டிஷ் படை வருகிறது என்று பால் ரெவியர் குதிரையில் போய் எச்சரிக்கை சொன்ன இரவின் இருநூறாவது ஆண்டை ஒட்டி வந்த பீர் அது. அப்புறம் கென் கிராஸ்மன். கலிபோர்னியாவின் சிகோ நகரில் 1976இல் வீட்டுக் காய்ச்சலுக்கான சாமான் விற்கும் கடை வைத்தவர். பால் கமூசி என்பவரோடு சேர்ந்து, பால் பண்ணைகளின் பழைய தொட்டிகளை வாங்கி வெட்டி ஒட்டி ஒரு ஆலையைக் கட்டி, 1980இல் சியரா நெவாடா பேல் ஏலைக் காய்ச்சினார். இன்றைக்கும் இந்த வகைக்கு அதுதான் அளவுகோல். அந்த ஆலை பயன்படுத்திய ஈஸ்ட் வகையையே வீட்டில் காய்ச்சுகிறவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி சிகோ என்று கூப்பிடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், கிராஸ்மன் கடை திறந்த 1976இல் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது கூட்டாட்சிச் சட்டப்படி அனுமதிக்கப்படவே இல்லை. மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது வீட்டில் ஒயின் செய்ய வழி கிடைத்தது, பீர் விட்டுப்போனது. அந்த ஓட்டையை அடைக்க நாற்பத்தைந்து வருடம் ஆனது. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது: வயது வந்த ஒருவருக்கு வருடத்துக்கு 100 கேலன், இருவர் இருக்கும் வீட்டுக்கு 200 கேலன். மாநிலங்கள் வரிசையாகப் பின்னால் வந்தன; அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தன. (எங்கே இருந்து இதை வாசித்தாலும் அந்த இடத்தின் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.)

சரி, பானைக்கு வருவோம்.

நான் செய்வது பை முறை. பெரிய பானையில் 28 லிட்டர் தண்ணீர், அதற்குள் பானை அளவுக்குத் தைத்த வலைத்துணிப் பை. தண்ணீர் 70 டிகிரிக்கு வந்ததும் உடைத்த மால்ட்டைப் பைக்குள் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறினால் வெப்பம் 67இல் வந்து நிற்கும். வெளிர் மால்ட் 4.6 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 350 கிராம். போர்வையால் பானையைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். உள்ளே பார்லியின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று அறுபது டிகிரிகளில் சுறுசுறுப்பாக இருந்து ஈஸ்ட் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரைகளாக நறுக்கும். இன்னொன்று எழுபதை ஒட்டி வேலைசெய்து ஈஸ்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளையும் விட்டுவைக்கும். 67 என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். பீர் தண்ணீராகவும் போகாது, பாயசமாகவும் ஆகாது.

கிரிஸ்டல் மால்ட் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிறம் அழகாக வருகிறது என்று முக்கால் கிலோ, ஒரு கிலோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மிட்டாய் இனிப்பு ஹாப்ஸின் தொண்டையைப் பிடித்து நெரித்துவிடும். 350 கிராமே எனக்கு மேல்வரம்பு. அடுத்த முறை இன்னும் குறைப்பேன்.

பையைத் தூக்கி வடித்தபின் பானையில் இருப்பது இனிப்பான, பொன்னிறச் சாறு. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து வோர்ட் என்று வாசித்துவிடுவோம். காய்ச்சுகிறவர்கள் வாயில் அது வெர்ட். தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பமே வராது, சொல்கிறபடியே எழுதிவிடலாம். வெர்ட் கொதி வரும் நேரம் பானையை விட்டு நகரக் கூடாது. பால் பொங்குவதைவிட மோசமாகப் பொங்கும். அடுப்பில் வழிந்து காய்ந்த வெர்ட்டைச் சுரண்டுவதற்கு நான் செலவிட்ட நேரத்தில் இன்னொரு ஈடு காய்ச்சியிருக்கலாம். நுரை அடங்கியதும் புரதமெல்லாம் திரிந்து, மோர்க்கட்டி போல உள்ளே சுழன்றுகொண்டிருக்கும். அதற்கப்புறம் பயமில்லை.

இப்போது ஹாப்ஸ். இந்தப் பொழுதுக்காகத்தான் நான் இவ்வளவு பாத்திரம் கழுவுகிறேன் என்றுகூடச் சொல்வேன்.

வெள்ளி நிறப் பொட்டலத்தை வெட்டியதும் மணம் அறைக்குள் பாயும். உள்ளே கோழித்தீவனம் போலச் சின்னச் சின்னப் பச்சைக் குச்சிகள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் முதலில் பொடியாகும். இன்னும் தேய்த்தால் விரல் பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்கு, ஹாப்ஸ் பூவின் இதழடியில் மஞ்சள் தூளாக இருக்கும் லுபுலின். கசப்பும் எண்ணெயும் அதில்தான் இருக்கின்றன. விரலை மூக்கில் வைத்தால் முதலில் புல், அப்புறம் பம்பளிமாஸ் தோல், அதற்கும் பின்னால் ஏதோ ஒரு பூ. ஒருமுறை ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் வேறு எதுவும் நாக்கில் ஏறவில்லை. விரலின் மணம் மறுநாள் வரைக்கும் சோப்புக்கு அடங்காது.

அந்தப் பிசுக்கில் இருக்கும் இரண்டு பொருள்களும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. கசப்பைத் தரும் ஆல்பா அமிலங்கள் அப்படியே பீரில் கரையாது. நன்றாகக் கொதித்து உருமாறினால்தான் கரையும். அதற்கு நேரம் வேண்டும். மணத்தைத் தரும் எண்ணெய்களோ கொதியைக் கண்டதும் ஆவியோடு ஓடிவிடும். அவற்றுக்கு நேரம்தான் எதிரி. அதனால் ஹாப்ஸைப் பல தவணையில் போட வேண்டியிருக்கிறது. கொதி தொடங்கியதும் மேக்னம் என்ற வகை 15 கிராம், முழுக்கக் கசப்புக்கு. முடிய 15 நிமிடம் இருக்கும்போது காஸ்கேட் 20. ஐந்து நிமிடம் இருக்கும்போது 30. அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கியபின் 40 கிராம் போட்டுச் சுழற்றிவிட்டு இருபது நிமிடம் காத்திருப்பேன். அந்தச் சூட்டில் கசப்பு மெல்ல ஏறும், எண்ணெய் பெரும்பாலும் தங்கும். மிச்சம் 80 கிராம், நொதித்தல் முடியும் தறுவாயில், கொதிக்கவே விடாமல். உலர் ஹாப்பிங் என்பது இதுதான்.

80 கிராம் என்றால் லிட்டருக்கு 4 கிராம். இன்னும் கொட்டலாமே என்று கை பரபரக்கும். ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஸ்கேட்டை வைத்தே இதைச் சோதித்து 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் போட்ட அளவுக்கு மணம் கூடுவதில்லை. பழவாசனையைவிட மூலிகை, தேயிலை வாசனைதான் முன்னுக்கு வருகிறது. அதைப் படித்தபின் கை கொஞ்சம் அடங்கியது.

அப்புறம் செப்புக் குழாய்ச் சுருளைப் பானைக்குள் இறக்கிக் குளிர்ந்த தண்ணீர் ஓட்டி, 18 டிகிரிக்குக் கொண்டுவந்து, நொதிகலனுக்கு மாற்றி, ஈஸ்ட் தூவ வேண்டும். 11.5 கிராம் உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் போதும். மாற்றும்போது உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றலாம். ஈஸ்ட் தன் செல்சுவரை ஒட்டிய சவ்வைக் கட்டிக்கொள்ள ஆக்ஸிஜன் உதவும். இந்த ஒரு சமயம்தான் காற்று நமக்கு வேண்டப்பட்டவன். என் மூன்றாவது ஈட்டில், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.052 காட்டியது (வெறும் தண்ணீர் 1.000; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும்). இதுவரைக்கும் எல்லாம் சரி. நான் இன்று திரும்பிப் பார்த்தாலும் இதுவரை ஒரு தவறும் தெரியவில்லை.

நண்பன் தேன் என்று சொல்லிவிட்டுப் போன இரவு எனக்குத் தூக்கமில்லை. முதலில் ஹாப்ஸ் பழசு என்று முடிவு கட்டினேன். விற்றவருக்கு நீளமாக, கோபமாக ஒரு செய்தி எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. அடுத்து ஈஸ்ட் மேல் சந்தேகம். அடுத்து தண்ணீர். ஜிப்சம் போடாததால் ஹாப்ஸ் மழுங்கிவிட்டதோ? (ஜிப்சம் தரும் சல்பேட் தண்ணீரில் இருந்தால் கசப்பு கூர்மையாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் தேனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) வெளிச்சம் பட்டிருக்குமோ என்றும் யோசித்தேன். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயில் பட்டால் உடைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைக் கிளப்பும். பழுப்புப் பாட்டில் அதற்காகத்தான். என் பாட்டில்கள் பழுப்பு, வைத்த இடம் இருட்டு. அதுவும் இல்லை.

கடைசியில் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் நாள்வாரியாகக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. குற்றவாளியின் வாக்குமூலம் அதில் என் கையெழுத்திலேயே இருந்தது.

இரண்டாம் நாள்: "மூடி திறந்து பார்த்தேன். நுரை அருமை." நான்காம் நாள்: "திறந்து கரண்டியில் மாதிரி எடுத்தேன். 1.020." ஆறாம் நாள்: "ஹாப்ஸ் 80 போட்டேன். மிதக்கிறது." ஏழாம் நாள்: "இன்னும் மிதக்கிறது. கலக்கிவிட்டேன்." எட்டாம் நாள்: "திறந்து மோந்தேன். ஆகா! அறையே மணக்கிறது." ஒன்பதாம் நாள்: "மறுபடி மாதிரி. 1.011." பத்தாம் நாள்: "பாட்டில்."

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். ஆறரை மணி நேரம் பானை முன்னால் நின்று வெப்பத்தை அரை டிகிரிக்கு அளந்தவன், அதற்கப்புறம் பத்து நாள் சும்மா இருக்க முடியாமல் ஆறு முறை மூடியைத் தூக்கியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் திறந்ததில் பெரிய சேதமில்லை. அப்போது ஈஸ்ட் முழு வேகத்தில் இருந்தது. கார்பன் டை ஆக்ஸைடு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. உள்ளே வந்த கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனையும் ஈஸ்டே தின்றிருக்கும். ஏழாம் நாளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நொதித்தல் அடங்கிவிட்டது, மேலே இருந்த வாயுப் போர்வையை மூடியோடு சேர்த்துத் தூக்கிவிட்டு, ஒரு நீளக் கரண்டியால் காற்றைப் பீருக்குள் கடைந்து ஊற்றியிருக்கிறேன். மிதந்த ஹாப்ஸ் தன்னால் ஊறி அடங்கும். அப்படி அடங்காவிட்டாலும் நஷ்டமில்லை. எட்டாம் நாள் "அறையே மணக்கிறது" என்று எழுதியிருந்ததை நாலைந்து முறை படித்தேன். அறையில் மணந்ததெல்லாம் பீரிலிருந்து கிளம்பிப் போனது என்று அப்போது தோன்றவே இல்லை.

பத்தாம் நாள் நடந்தது இன்னும் மோசம். நொதிகலனின் குழாயைத் திறந்து, ஒரு வாளியில் சர்க்கரைப் பாகோடு கலந்து, வாளியிலிருந்து புனல் வைத்துப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். ஒவ்வொரு பாட்டிலிலும் கழுத்திலிருந்து அடி வரை பீர் அருவியாக விழுந்தது. நுரை பொங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது.

பீருக்குள் போன ஆக்ஸிஜன் சும்மா இருப்பதில்லை. ஹாப்ஸ் எண்ணெய்களைப் பிடித்து மணமற்றவையாகவோ வேறு மணமாகவோ மாற்றும். கசப்புப் பொருளை மழுங்கடிக்கும். மால்ட்டிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வந்த பாலிபீனால்களைப் பழுப்பாக்கும். நறுக்கிய ஆப்பிள் கறுப்பது போலத்தான். ஹாப்ஸ் அதிகம் போட்ட பீரில் இந்தப் பாலிபீனால்களும் அதிகம், இழப்பதற்கு மணமும் அதிகம். அதனால்தான் பேல் ஏல் இதில் முதலில் அடிவாங்குகிறது. வெப்பம் கூடினால் எல்லாமே வேகமெடுக்கும். பெரிய ஆலைகளில் அடைத்த பீரில் கரைந்த ஆக்ஸிஜனை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று அளந்து கவலைப்படுகிறார்கள். நான் புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஈட்டில் செய்முறையைத் துளியும் மாற்றவில்லை. அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட், அதே 67 டிகிரி. கொதி முடிந்தபின் நடப்பதை மட்டும் மாற்றினேன்.

நொதிகலனைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பனிக்கட்டிப் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றி 19 டிகிரியில் நிறுத்தினேன். மூடியை ஒரே ஒருமுறை திறந்தேன். நான்காம் நாள் மாலை, உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் காற்றடைப்பானில் குமிழி இன்னும் வந்துகொண்டிருந்தபோதே, 80 கிராம் காஸ்கேட்டைச் சட்டென்று கொட்டி மூடிவிட்டேன். பொட்டலத்தோடு போகும் காற்றை மிச்சமிருக்கும் ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. சுத்தமாக நொதித்து அடங்கிய பீரில் போட்டால்தான் மணம் தெளிவாக இருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நல்ல கருவிகள் உள்ளவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் கலன். எனக்கு ஈஸ்டின் துணை வேண்டும்.

அதற்கப்புறம் சும்மா இருந்தேன். எழுதும்போது எளிதாக இருக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரை ஒரு வாரம். காற்றடைப்பானில் குமிழி வரும் சத்தம் முதலில் நொடிக்கு ஒன்றாக இருந்தது, பிறகு நிமிடத்துக்கு ஒன்று, பிறகு நின்றது. ஹாப்ஸ் மிதக்கிறதா மூழ்கியதா என்று கலனின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் ஒருநாள், "அதையே எத்தனை நேரம் பாப்பீங்க?" என்ற கேள்வி வந்தது. பதில் சொல்லவில்லை.

பதினோராம் நாள் கீழ்க்குழாய் வழியாக மாதிரி எடுத்தேன். 1.012. இரண்டு நாள் கழித்து 1.011. அங்கேயே பாட்டில் போட்டிருந்தால் இன்னொரு வம்பு வந்திருக்கும். உலர் ஹாப்ஸிலும் சில நொதிகள் உண்டு. ஈஸ்டால் தின்ன முடியாது என்று மால்ட் விட்டுவைத்த பெரிய சர்க்கரைத் துண்டுகளை அவை மெல்ல உடைத்துத் தரும். ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும். இது பாட்டிலுக்குள் நடந்தால் அழுத்தம் ஏறும், பாட்டில் வெடிக்கவும் செய்யலாம். இன்னும் மூன்று நாள் பொறுத்தேன். மறுபடி 1.011. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறக்குறைய 5.4 சதவீதம். இந்த வகைக்கு அது இயல்பான அளவு.

பாட்டில் போடும் நாளில் வாளியும் இல்லை, புனலும் இல்லை. 120 கிராம் சர்க்கரையைக் கொதிக்கவைத்து மொத்தம் 200 மில்லி பாகாக எடுத்துக்கொண்டேன். கழுவத் தேவையில்லாத வகை சானிடைசரில் முக்கிய நாற்பது அரை லிட்டர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொன்றிலும் 5 மில்லி பாகு. அதாவது பாட்டிலுக்கு 3 கிராம் சர்க்கரை. கீழ்க்குழாயில் நீளமான நிரப்புக்குழலை மாட்டி, அதன் நுனி பாட்டிலின் அடியைத் தொடும்படி வைத்து அழுத்தினால் பீர் அடியிலிருந்து அமைதியாக ஏறும். சத்தமே இல்லை. விளிம்பு வரை வந்ததும் குழலை எடுத்தால், குழல் இருந்த இடம் அளவுக்கு மட்டும் கீழே இறங்கி நிற்கும். ஒரு தட்டுத் தட்டி நுரை மேலே வந்ததும் நுரையின் மீதே மூடியை அழுத்தினேன். முதல் பாட்டிலுக்குக் கை நடுங்கியது. பத்தாவது பாட்டிலில் ஒரு தாளம் பிடிபட்டது.

முப்பத்தெட்டு பாட்டில் நிறைந்தது. முப்பத்தொன்பதாவது பாதியில் நின்றுவிட்டது. அதற்குமேல் ஈஸ்டும் ஹாப்ஸ் சேறும்தான். பாதிப் பாட்டிலைக் கொட்ட மனமில்லை. பாதி பீர், பாதி காற்று, அப்படியே மூடிபோட்டு, மூடியில் "பாதி" என்று எழுதி மற்றவற்றோடு வைத்தேன். சோதனை செய்யும் எண்ணமெல்லாம் அப்போது கிடையாது. வெறும் கஞ்சத்தனம்.

மூன்று வாரம் கழித்து ஒரு முழுப் பாட்டிலையும் அந்தப் பாதியையும் குளிரவைத்து, இரண்டு தம்ளரில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினேன். ஒரே பானை, ஒரே ஹாப்ஸ், ஒரே நாளில் அடைத்தவை, ஒரே அலமாரியில் ஒரே இருட்டில் இருந்தவை. முழுப் பாட்டில் பீர் செம்பு நிறத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் ஆரஞ்சாக மின்னியது. மற்றது பழுப்பு. பழுப்பிலும் ஒரு அழுக்கான ஊதா கலந்த பழுப்பு. முதல் தம்ளரை மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே பம்பளிமாஸ் வந்துவிட்டது. அப்புறம் பைன், அப்புறம் மால்ட்டின் லேசான பிஸ்கட் வாசம். முதல் மடக்கில் கசப்பு நாக்கின் பின்பக்கம் நேராகப் போய் நின்றது. அது விலகும்போது மறுபடி அதே தோல் வாசனை. இரண்டாவது தம்ளரில் தேன். அடியில் அட்டைப்பெட்டி. என் மூன்றாவது ஈடு அப்படியே கண்முன்னால் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

பாதிப் பாட்டிலில் எஞ்சியதைக் கொட்டாமல் மூடி வைத்தேன். உடனே நண்பனுக்குப் போன் போட்டேன். இந்தப் பீரை வைத்து அழகுபார்க்க முடியாது. குளிரிலேயே வைத்திருந்தாலும் இரண்டு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். எவ்வளவு ஜாக்கிரதையாக அடைத்தாலும் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும், வீட்டில் காய்ச்சுகிறவனால் அதைத் தள்ளிப்போட மட்டுமே முடியும். ஒவ்வொரு மூடியிலும் தேதி எழுதியிருக்கிறேன்.

மாலையில் வந்தான். முழுப் பாட்டில் ஒன்றைத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். மோந்தான். ஒரு மடக்கு குடித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏதோ பழத்தோல் வாசம் வருது," என்றான். "வருதுல்ல?" என்றேன். ஆக்ஸிஜன், பாலிபீனால், புனல், நிரப்புக்குழல் என்று நான் கதையைத் தொடங்கி ஏழாம் நாள் கரண்டிக்கு வந்திருந்தேன். அவன் இன்னொரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கசக்குது. அன்னைக்குத் தேன் போட்டுச் செஞ்சியே, அது மிச்சம் இருக்கா?"

எழுந்து போய் பாதிப் பாட்டிலை எடுத்து வந்தேன்.